விரிச்சு நில்லுங்க, மாசி

போனஸ்தான் எடுப்பான்னு எனக்கு அப்பவே தெரியும். நடுக்கோட்டைத் தாண்டினதுமே, கபடி பாடிப் போற எங்க ரெய்டர் சகாயத்தோட கண்ணு ஆளைப் பார்க்கல, தரையைப் பார்த்துச்சு. ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால ஊன்றி இன்னொரு காலைத் தூக்கினான், திரும்பி ஓடி வந்துட்டான், அம்பயர் கட்டை விரலைக் காட்டினார், அரங்கமே எழுந்து நின்னு கத்துது. கத்துங்கய்யா, உங்களுக்கென்ன. பாயிண்ட் ஏறுது, ஸ்பீக்கர்ல பறை அடிக்குது, ரெண்டு பாயிண்ட் முன்னால இருக்கோம். வெளியே, கோட்டுக்குப் பின்னாடி, முதல் நாற்காலியில அவுட் ஆகித் துண்டைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்குல்ல தெரியும் அந்தப் போனஸ் என்னன்னு. நம்ம ரெய்டர் போய் எதிராளியைத் தொட்டுட்டு வந்தா வெளியே இருக்கிறவன்ல ஒருத்தன் உள்ள போகலாம். எதிராளி பாடி வரும்போது நம்மாளுங்க அவனைப் பிடிச்சுப் போட்டாலும் ஒருத்தன் உள்ள போகலாம். முதல்ல வெளியே வந்தவனுக்கு முதல்ல உயிர். போனஸுக்கு மட்டும் பாயிண்ட் உண்டு, உயிர் கிடையாது. இது சகாயத்துக்குத் தெரியாதா? தூத்துக்குடிக் கடற்கரையில நடக்கத் தெரிஞ்ச நாள்லேருந்து ஆடுறவனுக்கா தெரியாது? எதிர்ப் பக்கம் கார்னர்ல நிக்கிறவன் தூங்கி வழியறான், கையை நீட்டினா தொட்டுடலாம், நான் உள்ள போயிருப்பேன். தொடல. ஏன் தொடல? காலையில ஓட்டல்ல இட்லி சாப்பிடறப்ப சகாயமும் கோச்சும் ஒரே மேசை. நான் தட்டைத் தூக்கிட்டுப் பக்கத்துல போனதும் பேச்சு நின்னு போச்சு. கோச் குழந்தைவேல் சார் என்னைப் பார்த்துச் சிரிச்சார். "வாங்க மாசி, சட்னி நல்லா இருக்குதுங்க"ன்னார். சட்னியைப் பத்தியா அவ்வளவு நேரம் தலையை ஒட்டி வச்சுப் பேசினீங்க? நாளைக்கு இதே கோச் ஒரு அறையில உட்கார்ந்து, அடுத்த சீசனுக்கு யார் யார் இருக்கணும், யார் யார் வீட்டுக்குப் போகணும்னு முதலாளிகிட்டச் சொல்லணும். இந்த வருஷத்துக்கு இதுதான் எங்க கடைசி ஆட்டம். எனக்கு வயசு முப்பத்தி நாலு. கார்னர்ல நிக்கிற மாசிலாமணி இல்லாமலே இந்த ஆறு பேரு ஜெயிச்சுட்டா நாளைக்கு அந்த அறையில என் பேரைச் சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வராது. அதுக்குத்தான் போனஸ். வேற எதுக்கு.

ஏசி காத்து வேர்வையில பட்டுக் குளிருது. இந்த நாற்காலியை வேணும்னே ஏசிக்கு நேரா போட்டிருக்கானுங்க. உடம்பு ஆறினா தொடை இறுகும், தொடை இறுகினா உள்ள போனதும் சறுக்கும். காலை ஆட்டிக்கிட்டே இரு மாசி. அவங்க முறை இப்போ. ஜெய்வீர் வர்றான். ஆறு அடிக்கு மேல உயரம், காலு மட்டும் அதுல பாதிக்கு மேல, ஹரியானாவுல பாலும் நெய்யும் ஊத்தி வளர்த்த உடம்பு. நம்மாளுங்க ஆறு பேரும் விரிஞ்சு நிக்கிறானுங்க. ஒருத்தனுக்கும் இன்னொருத்தனுக்கும் நடுவுல கல்யாண வண்டியே போகலாம். கபடின்னா கை கோர்த்து நிக்கிறது. ரெண்டு ரெண்டு பேரா, மூணு பேரா, சங்கிலியா நின்னு, பாடி வர்றவனை வளைச்சுச் சுத்திக்கிறது. எங்கப்பன் காலத்துலயும் அதான், நான் ஆடின காலத்துலயும் அதான். இந்த மனுஷன் கோயமுத்தூர் பக்கத்துல ஏதோ காலேஜ்ல பசங்களை விரிச்சு நிக்க வச்சு, பல்கலைக்கழகக் கோப்பையைத் தொடர்ந்து தூக்கினாராம். அதைப் பார்த்துட்டு எங்க முதலாளி கூட்டிட்டு வந்துட்டார். முதல் நாளே மெஸ் மேசையில ஏழு டம்ளரை வச்சார். ரெண்டு டம்ளரை ஒட்டி வச்சு, "இது எத்தனைங்க?"ன்னார். ரெண்டுன்னோம். "இல்லீங்க. ரெய்டருக்கு இது ஒண்ணு. கையைக் கோத்துட்டா நீங்க ஏழு பேரு இல்லீங்க, மூணரைப் பேரு. விரிஞ்சு நில்லுங்க, அப்ப அவன் ஏழு பேரைப் பாக்கோணும். பார்த்துக்கிட்டே இருக்கறப்ப மூச்சு போயிருமுங்க." பசங்க கை தட்டினானுங்க. நான் டம்ளரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். டம்ளருக்குப் பயம் கிடையாதே சார்னு கேட்கலாம்னு நினைச்சேன், கேட்கல. இருபது வயசுப் பையனையும் வாங்க போங்கன்னு கூப்பிடற ஆளை நம்பவே கூடாது. திட்டறவன் மனசுல என்ன இருக்குன்னு வெளியே வந்துடும். இவருக்கு உள்ள என்ன இருக்குன்னு இந்த ஆறு மாசத்துல ஒரு நாளாவது தெரிஞ்சுதா?

காலேஜ்ல செல்லும் சார், காலேஜ்ல எல்லாமே செல்லும். அங்க பாடி வர்றவன் யாரு? காலையில அரியர் பரீட்சை எழுதிட்டு மத்தியானம் பாட வர்றவன். தோத்தா என்ன, சாயந்திரம் பரோட்டா தின்னுட்டு மறந்துடுவான். இங்க வர்றவனுக்குச் சோறே இதுதான். வாரம் பூரா வீடியோ பார்த்துட்டு வர்றான். நான் எந்தக் காலை முதல்ல எடுத்து வைப்பேன்னு என் பெண்டாட்டி கோமளாவுக்குத் தெரியாது, ஜெய்வீருக்குத் தெரியும். அங்க ஒருத்தன் காலைக் கெட்டியாப் பிடிச்சா வந்தவன் நின்னுடுவான். இங்க ஜெய்வீர் முதுகுல ரெண்டு பேரைத் தொங்க விட்டுக்கிட்டு, பஸ்ஸுக்குப் போற மாதிரி நடுக்கோட்டுக்கு நடந்து போவான். பிடிச்சவனுக்கு உடனே துணை வேணும். விரிச்சு நின்னா துணை எங்க இருக்கு? அதோ அங்க இருக்கு. வருவானா? வரலாம். வராமலும் போகலாம். நான் போய்க் காலைப் பிடிச்சுக்கிட்டு மூஞ்சி ரப்பர் மேட்டுல தேய்ஞ்சுக்கிட்டு இருக்கேன், அவன் நிதானமா யோசிச்சு, மாசி விழட்டுமே, நமக்கென்னன்னு நின்னுட்டா? யாரு பார்க்கப் போறா? ஓடி வந்தேன் அண்ணே, லேட் ஆயிடுச்சுன்னு சொல்லிடலாம். கை கோர்த்திருந்தா இந்த வம்பே கிடையாது. கோர்த்திருக்கிறவன் வந்துதான் ஆகணும், நான் போனா அவனையும் இழுத்துட்டுத்தான் போவேன். நம்பிக்கை கிம்பிக்கை ஒண்ணும் தேவையில்லை. பாரு, சொல்லி வாயை மூடல, ஜெய்வீர் குனிஞ்சு இன்பராஜோட முட்டியைத் தொட்டுட்டுப் போயிட்டான். விரிச்சாருங்க, விரிச்சாரு. ஒரு கணம் எனக்கு உள்ளுக்குள்ள இனிச்சுது. அப்புறம்தான் அது எங்க டீம்னு ஞாபகம் வந்துச்சு.

மேல பெரிய திரையில அதையே மெதுவா ஓட்டறான். நான் தலையைத் தூக்கல. இப்போ தூக்க மாட்டேன். கொஞ்ச நேரம் முன்னாடி ஜெய்வீர் என்னை அவுட் ஆக்கினான், அதையும் இப்படித்தான் மெதுவா ஓட்டினானுங்க, அப்பவும் துண்டைத் தலைக்கு மேல இழுத்துக்கிட்டேன். பார்த்திருப்பாங்களா? எல்லாரும் பார்த்திருப்பாங்க. கோமளா பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு வச்சு டிவியில பார்த்திருப்பா. அவுட் ஆறதுல ஒண்ணும் வெட்கம் இல்லை, எவனும் அவுட் ஆவான். ஆனா நான் அவுட் ஆனது எப்படின்னா, ஜெய்வீர் என் பக்கம் திரும்பினான், அவ்வளவுதான், என் கை தானா போச்சு. பக்கவாட்டுல. ஒரு கையைத் தேடிக்கிட்டு. நான் அனுப்பல. ஆறு மாசமா கையைப் பின்னால வை, கையைத் தொடையில வைன்னு பழகினதெல்லாம் எங்க போச்சோ, கை பாட்டுக்கு நீண்டு, இருட்டுல சுவிட்சு தேடற மாதிரி காத்துல தடவிச்சு. பக்கத்துல யுகேந்திரன், அந்தக் காலேஜ் பையன், கோச் கையோட கூட்டிட்டு வந்த செல்லப்பிள்ளை, சொன்ன இடத்துல ஒழுங்கா விரிஞ்சு தூரமா நிக்கிறான். என் கை மட்டும் நடுவுல அநாதையா. ஜெய்வீர் சிரிச்சுட்டான். அவசரப்படவே இல்லை. ரெண்டு விரலால என் விரல் நுனியைத் தட்டிட்டு, வரட்டுமான்னு கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துட்டுப் போனான். யுகேந்திரனும் பார்த்தான். என் மூஞ்சியைப் பார்க்கல, என் கையைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கல. போய்க் கோச்கிட்டச் சொல்லுவான். சார், மாசி அண்ணனுக்கு இன்னும் கை போகுதுங்க சார்னு அந்த இழுவைப் பேச்சுல சொல்லுவான்.

போகத்தான் செய்யும். பாண்டுரங்கன் கையைப் பிடிச்சுப் பழகின கை. நான் கார்னர், அவன் எனக்கு உள்பக்கம், பதினோரு வருஷம். பாண்டுவுக்குக் கட்டை விரல்ல நகம் கிடையாது, ஒரு தடவை மேட்டுல மாட்டிப் பிஞ்சது திரும்ப முளைக்கவே இல்லை. அந்த மொழுமொழுன்னு இருக்கிற கட்டை விரல் என் உள்ளங்கையில பட்டாத்தான் எனக்கு ஆட்டமே தொடங்கும். வாயால பேசவே மாட்டோம். ஒரு தரம் அழுத்தினா நில்லு, அவசரப்படாதே. ரெண்டு தரம் அழுத்தினா பாய். அவ்வளவுதான் எங்க மொழி. எத்தனை பேரைப் போட்டிருக்கோம் அதை வச்சே. முட்டி போனதும் அவன் ஒதுங்கிட்டான், இப்போ பட்டுக்கோட்டையில மாவு மில்லு வச்சிருக்கான். நேத்து போன் பண்ணினான். "ஏண்டா மாசி, கையைக் கோர்க்கக் கூடாதுன்னா கையை என்னடா பண்றீங்க? சட்டைப் பையில வச்சுக்கறதா?"ன்னு கேட்டுட்டு அவனே சிரிச்சான். நானும் சிரிச்சேன். வச்சப்புறம் யோசிச்சேன், இவன் எதுக்கு இப்போ திடீர்னு கூப்பிட்டான்? யாராவது சொல்லியிருப்பாங்களா, மாசியைத் தூக்கப் போறாங்கன்னு? ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டானா? கோமளா சொல்றது சரிதான், உங்களுக்கு நிழல் மேலயே சந்தேகம்ங்கறா. நிழல் என்ன, அதுவும் வெளிச்சம் இருக்கிற வரைக்கும்தானே கூட வருது.

இன்பராஜ் வந்து பக்கத்து நாற்காலியில தொப்புன்னு உட்கார்ந்தான். மூச்சு வாங்குது. தண்ணியைக் குடிச்சுட்டு, "அண்ணே, கோச் என்னைப் பார்த்தாரா?"ன்னான். "எப்படா?" "இப்போ, அவுட் ஆனப்ப. மூஞ்சியை வேற பக்கம் திருப்பிக்கிட்ட மாதிரி இருந்துச்சுண்ணே." "நான் பார்க்கல." "அதான் முடிவு பண்ணிட்டாரு. நாளைக்கு நான் இல்லை. எனக்குத் தெரிஞ்சு போச்சு." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு என் பக்கம் சாஞ்சான். "உங்களுக்கென்னண்ணே, நீங்க கோச்சோட ஆளு." எனக்குச் சுருக்குன்னுச்சு. "யாருடா சொன்னது?" "எல்லாரும்தான் பேசிக்கிறோம். மத்தவங்களை எல்லாம் தனித்தனியா ரூமுக்குக் கூப்பிட்டு வீடியோ போட்டு வறுத்து எடுக்கிறாரு. உங்களை ஒரு நாளாவது கூப்பிட்டாரா? பார்த்தா மரியாதையாச் சிரிச்சுட்டுப் போயிடறாரு." என்னைக் கூப்பிடாததைத்தான் ஆறு மாசமா எண்ணி எண்ணித் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு இருந்தேன், தூக்கிப் போடப் போறவனுக்கு எதுக்கு வீடியோன்னு நினைச்சுத்தான் கூப்பிடலன்னு. இவன் அதையே எடுத்து வேற மாதிரி மடிச்சு வச்சிருக்கான். இல்லை, என் வாயைக் கிளறத்தான் இப்படிச் சொல்றானா? இன்பராஜும் லேசுப்பட்டவன் இல்லை.

அதுக்குள்ள சகாயம் திரும்பப் பாடிப் போனான். போனஸ்தானேன்னு நான் காலை ஆட்டிக்கிட்டே அந்தப் பக்கம் பார்த்தேன். இந்தத் தடவை போனஸ் கோட்டுக்குப் போகல. நேரா கார்னர்கிட்டப் போனான், கையை வீசினான், விரல் ஒரு நூல் அளவுல தவறிப் போச்சு, அடுத்த நொடி நாலு பேரு மேல விழுந்து அவனை மேட்டோட மேட்டா அமுக்கிட்டானுங்க. சமம் ஆயிடுச்சு. சகாயம் எழுந்து விலாவைப் பிடிச்சுக்கிட்டு நொண்டிக்கிட்டு வந்து இன்பராஜுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். "எதுக்குடா அந்த வம்பு, போனஸ் எடுக்க வேண்டியதுதானே?"ன்னு கேட்டேன். என் வாயிலேருந்தா அந்தக் கேள்வி வந்துச்சு! சகாயம் துண்டால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டே, "உன்னைய உள்ள கொண்டாரணும்னுதான் போனேன் மாசி அண்ணே. கடைசி நேரத்துல கார்னர்ல நீ இல்லாம முடியாது"ன்னான். அப்படியா? இவ்வளவு அக்கறையா? சொல்லிட்டு உடனே கண்ணை வேற பக்கம் திருப்பிக்கிட்டானே. இப்படிச் சொல்லுன்னு யாராவது சொல்லிக் கொடுத்திருப்பாங்களா? விலாவைப் பிடிச்சிருக்கான், நிஜமாவே வலிக்குது போல. நடிக்கிறவன் இவ்வளவு நல்லா நடிக்க மாட்டான். நல்லா நடிக்கத் தெரிஞ்சா?

உள்ள நாலே பேரு. அவங்க ரெண்டாவது ரெய்டர் வந்தான், குள்ளமா, உருண்டையா ஒருத்தன், வந்த வேகத்துல எங்க வலது கார்னரை உதைச்சுட்டுப் போயிட்டான். மூணு பேரு. ஒரு பாயிண்ட் பின்னால போயிட்டோம். நாற்காலி நிறைஞ்சுக்கிட்டே வருது, கோர்ட்டு காலியாகிக்கிட்டே வருது. அத்தனை பெரிய மேட்டுல மூணு பேரு, அப்பவும் விரிஞ்சுதான் நிக்கிறானுங்க, யுகேந்திரன், கார்னருக்கு உள்பக்கம் கவர்ல நிக்கிற லோகு, எங்க ரெண்டாவது ரெய்டர் டேனியல். டேனியல் பாடிப் போனான், யாரையும் தொடாம வெறுங்கையோட திரும்பினான். அப்பத்தான் எனக்கு அந்த நினைப்பு வந்துச்சு. இந்த மூணு பேரும் விழுந்துட்டா ஆல் அவுட். ஆல் அவுட்னா எதிராளிக்கு மேற்கொண்டு ரெண்டு பாயிண்ட், ஆனா எங்க ஏழு பேருக்கும் உயிர் வந்துடும், எல்லாரும் உள்ள போகலாம், நானும் போகலாம். விரிச்சு ஆடற ஆட்டம் காலேஜ்லதான் செல்லும், லீக்ல செல்லாதுன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். நாளைக்கு அந்த அறையில கோச் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார், முதலாளி, பழைய ஆட்டமே போதும், மாசியைக் கூப்பிடுங்கம்பார். விழட்டும். மூணு பேரும் விழட்டும். உதட்டை அசைக்காம வேண்டிக்கிட்டேன். நான் உள்ள போறதுக்கு ரெண்டு வழி இருக்கு, அவனுங்க பிடிக்கணும், இல்லாட்டி மொத்தமா அழியணும். நான் எதைக் கேட்டேன் பாரு. இன்பராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தான். சத்தமாச் சொல்லிட்டேனோன்னு ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் வேர்த்துடுச்சு. அவன் தண்ணி பாட்டிலுக்குத்தான் கையை நீட்டினான்.

குள்ளன் மறுபடியும் வந்தான். மூணு பேரைப் பார்த்ததும் அவனுக்குக் குஷி, ஆடிக்கிட்டே வர்றான். யுகேந்திரன் கார்னர்ல, என் இடத்துல நிக்கிறான். ஒல்லி உடம்பு, காது மட்டும் பெருசு. குள்ளன் காலை வீசினான். யுகேந்திரன் குப்புற விழுந்து அந்தக் கணுக்காலை ரெண்டு கையாலயும் வாங்கிட்டான். பிடிச்சுட்டான். ஆனா குள்ளன் இழுக்கிறான், பையன் மேட்டுல சரசரன்னு வழுக்கிக்கிட்டே வர்றான், கன்னம் தரையில தேயுது, நடுக்கோடு கிட்ட வந்துடுச்சு. விட்டுடுடா. ஒருத்தனும் வர மாட்டான். நான் சொன்னேன்ல, துணை அதோ அங்க இருக்குன்னு சொன்னேன்ல. லோகு வந்தான். எங்கிருந்து வந்தான்னே தெரியல, அந்தக் கோடியிலேருந்து பறந்து வந்து இடுப்புல மோதினான், பின்னாலயே டேனியல், மூணு பேருமா குள்ளனை மடக்கிக் கீழ போட்டுட்டானுங்க. அரங்கம் இடிஞ்சு விழற மாதிரி சத்தம். மூணே பேரு இருக்கிறப்ப பிடிச்சா ரெண்டு பாயிண்ட். ஒரு பாயிண்ட் முன்னால வந்துட்டோம். ஒருத்தனுக்கு உயிர். முதல்ல வெளியே வந்தவனுக்கு. அம்பயர் என்னைப் பார்த்துக் கையை அசைக்கிறார். நான் துண்டைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கேன். அவனுங்க விழணும்னு கும்பிட்டவனைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டானுங்களே, படுபாவிங்க. சகாயம் முதுகுல ஒரு அறை விட்டு, "போ அண்ணே, போ"ன்னான்.

உள்ள வந்தேன். மேட்டு சூடா இருக்கு. யுகேந்திரன் கன்னத்துல தோல் உரிஞ்சு சிவந்திருக்கு, என் இடத்தை விட்டுட்டு உள்பக்கம் நகர்ந்து, "வாங்கண்ணா"ன்னான். அதுல ஒண்ணும் இல்லை, வெறும் வாங்கண்ணாதான். நான் அதையும் ரெண்டு தரம் மனசுல புரட்டிப் பார்த்தேன். கோட்டுக்கு வெளியே கோச் நிக்கிறார். இப்போவாவது என்னைத் திட்டுவார்னு பார்த்தேன். ரெண்டு கையையும் அகலமா விரிச்சுக் காட்டினார். "விரிச்சு நில்லுங்க மாசி, வந்துருவாங்க"ன்னார். யார் வந்துருவாங்க? ரெய்டரா, நம்ம பசங்களா? கேட்க நேரமில்லை. டேனியல் பாடிப் போய் அந்தப் பக்கம் ஓரமா நின்னு நேரத்தைத் தின்னுட்டுத் திரும்பி வந்துட்டான். இனி ஒரே ஒரு ரெய்டுதான். ஜெய்வீர் தொடையைத் தட்டிக்கிட்டு நடுக்கோட்டுக்கு வந்து நிக்கிறான். நாங்க நாலே பேருங்கிறதால அவனுக்குப் போனஸ் கிடையாது, ஆளைத்தான் தொட்டாகணும். ஒருத்தனைத் தொட்டா சமம், ரெண்டு பேரைத் தொட்டா நாங்க காலி. யார்கிட்ட வருவான்? என்கிட்டத்தான். வேற யார்கிட்ட வருவான்? இந்தக் கையை அவன் பார்த்துட்டான்ல.

கபடி கபடி கபடின்னு அந்த மூச்சு கிட்ட வருது. வந்துட்டான். ஒரு பார்வை லோகு பக்கம், சும்மா, ஏமாத்து. அப்புறம் நேரா இங்க. அவன் கண்ணு என் மூஞ்சியில இல்லை, இடுப்புக்குப் பக்கத்துல, கை இருக்கிற இடத்துல இருக்கு. சிரிக்கிறான். வா கையே, வெளியே வான்னு கூப்பிடறான். கையைத் தொடையில ஒட்டி வச்சு அழுத்திக்கிட்டேன். உள்ளங்கை வேர்த்து ஊத்துது. போகாதே. பாண்டு மாவு மில்லுல இருக்கான், பாண்டு இங்க இல்லை. அப்பத்தான் பக்கவாட்டுல ஏதோ அசைஞ்சுது. ஓரக் கண்ணால பார்த்தேன். ஒரு கை. என்னோடது இல்லை. யுகேந்திரனோட கை நீண்டு, விரலைப் பிரிச்சுக்கிட்டு, காத்துல தடவிக்கிட்டு என்னைத் தேடிக்கிட்டு வருது. அட, நீயுமாடா? விரிச்சு ஆடவே பொறந்தவன்னு நினைச்சேனே, காலேஜ்லேருந்து கோப்பையோட வந்தவன், உனக்கும் பயமா? அந்தக் கையைப் பிடிக்கணும்னு என் உடம்பு மொத்தமும் அந்தப் பக்கம் சாஞ்சுது. பிடிச்சா ரெண்டு பேரும் ஒரே டம்ளர். ஜெய்வீரும் பார்த்துட்டான் அந்தக் கையை. அவன் கண்ணு என்னை விட்டுட்டு அங்க போச்சு. நான் பிடிக்கல. பையன் கையை அந்தரத்துல விட்டுட்டேன். எதுக்கு விட்டேன்? ஜெய்வீர் அதைத் தொட வரட்டும், வந்தா காலு என்கிட்ட வரும்னு விட்டேனா? இல்லை, நான் விழுந்த மாதிரி இவனும் எல்லார் முன்னாடியும் விழட்டும்னு விட்டேனா? இன்னைக்கு வரைக்கும் ஊரையே சந்தேகப்பட்டேன், என்னை ஒரு தடவையும் பட்டதில்லை. இப்போ என்னையே கேட்கிறேன்.

ஜெய்வீர் கையை நீட்டிப் பையனோட விரலைத் தட்டிட்டான், அந்த நீளக் காலு என் முன்னாடி வந்து ஊன்றிச்சு, நான் விழுந்தேன். கணுக்கால் என் கையில இருக்கு. ரெண்டு கையாலயும் பூட்டிட்டேன். அவன் இழுக்கிறான். அம்மாடி, என்ன இழுப்பு, மாட்டு வண்டியில கட்டி இழுக்கிற மாதிரி. தாடை தேயுது, உப்பு வாயில கரிக்குது, மேட்டு கண்ணுக்கு முன்னால ஓடுது, கோடு வருது, வெள்ளைக் கோடு, வந்துக்கிட்டே இருக்கு. தனியா இருக்கேன். தொட்டுட்டான், பையன் போயிட்டான், இவனைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே அமுக்கினாத்தான் பையனுக்கு உயிர், ஆட்டத்துக்கும் உயிர். என்னால ஒருத்தனா முடியாது. வாங்கடா. எவனாவது வாங்கடா. வர மாட்டானுங்க, எதுக்கு வரணும், அவனுங்க விழணும்னு வேண்டிக்கிட்டவன்தானே நான், அவனுங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கும். கையை விடல. முதுகுல ஏதோ விழுந்துச்சு. ஒல்லியா ஒரு உடம்பு, ஒரு பெரிய காது என் பிடரியில அமுங்குது. "விடாதீங்கண்ணா, விடாதீங்கண்ணா"ன்னு அழுகிற குரல்ல கத்தறான். அப்புறம் இன்னொருத்தன், கனமா. லோகு. அதுக்கு மேல டேனியல், முழங்கை என் விலாவுல. தூரத்துலேருந்து ஒவ்வொருத்தனா வந்து வந்து விழுந்தானுங்க. இழுப்பு நின்னுச்சு. ஜெய்வீரோட மூச்சு, அந்தக் கபடி, பாதியில அறுந்துச்சு. விசில் அடிச்சுது. என் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி வெள்ளைக் கோடு அப்படியே கிடக்கு, அவன் விரல் அதைத் தொடல.

மேல சத்தம், பறை, கத்தல். கோச் ஓடி வர்ற செருப்புச் சத்தம் கேட்குது, என்னவோ வாங்க போங்கன்னு கத்திக்கிட்டே வர்றார். நாளைக்கு அந்த அறையில என்ன சொல்லுவார்னு தெரியல, இவ்வளவு நடந்ததுக்கு அப்புறமும் தெரியல. காலேஜ் ஆட்டம் லீக்ல செல்லுமா செல்லாதான்னு இப்போ யாராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. இவனுங்க எழுந்திருக்கிற மாதிரி இல்லை, எல்லாரும் என் மேலயே கிடந்து சிரிக்கிறானுங்க, மூச்சு முட்டுது. அந்தக் குவியலுக்கு அடியில, இருட்டுல, ஒரு கை எங்கிருந்தோ நுழைஞ்சு வந்து என் கையைத் தேடிப் பிடிச்சுது. வேர்த்து, வழுக்கிக்கிட்டு. யார் கைன்னு நான் பார்க்கல. ஒரு தரம் அழுத்தினேன்.